மோர் ஃபுல்லி என்று எழுதினால் குற்றமா?

ஆங்கில இலக்கணத்தின் பெயரைச் சொல்லி நம் ஊரில் ஒரு சின்ன அட்டூழியம் பல வருடங்களாக நடந்து வருகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். வயது எழுபத்து நாலு ஆகிவிட்டது. இனியும் தள்ளிப்போடுவதற்கில்லை என்று இன்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். "மோர் கம்ப்ளீட்லி", "மோர் பர்ஃபெக்ட்லி", "மோர் ஃபுல்லி" என்றெல்லாம் எழுதக் கூடாதாம். கம்ப்ளீட் என்றால் முழுமை, முழுமைக்கு மேல் ஏது முழுமை? பர்ஃபெக்ட் என்றால் குறையே இல்லாதது, குறையே இல்லாததில் கூடுதல் எது, குறைச்சல் எது? ஆகவே இந்தச் சொற்களின் முன்னால் "மோர்" போடுகிறவன் ஆங்கிலம் தெரியாதவன். கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கிறது. அதனால்தான் அரைகுறையாகப் படித்தவர்கள் எல்லோரும் இதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவன் தலையில் குட்டுகிறார்கள்.

குட்டு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பி.காம். முடித்தவள். வேலைக்கு மனுப் போடப் பழக வேண்டும் என்று ஓர் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். மாதிரிக் கடிதம் ஒன்றில், கணக்கு வேலையை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்ற பொருளில் "மோர் கம்ப்ளீட்லி" என்று எழுதியிருக்கிறாள். சொல்லிக்கொடுக்கிறவர் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி உரக்க வாசித்து, "கம்ப்ளீட்டுக்கு மேல என்னம்மா இருக்கு, மாடியா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தப் பெண் மறுநாள் முதல் போகவில்லை. கட்டிய பணம் போயிற்று. நான் கேட்டதற்கு, "எனக்கு இங்கிலீஷ் வராது தாத்தா, விட்டுடுங்க" என்றாள். அவள் எழுதியதோ தப்பே இல்லாத ஆங்கிலம்!

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. எல்.டி.சி.யாக அரசு வேலையில் சேர்ந்த பிறகு நோட்டும் டிராஃப்ட்டும் எழுதி எழுதித்தான் அது கைக்கு வந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எத்தனையோ அதிகாரிகளின் சிவப்பு மையைப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்கு எது உண்மையான விதி, எது வெறும் பூச்சாண்டி என்பது கொஞ்சம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதலில் தர்க்கத்துக்கே வருகிறேன். "ஆல்மோஸ்ட் பர்ஃபெக்ட்", "நியர்லி கம்ப்ளீட்", "ஹாஃப் ஃபுல்" என்று எழுதினால் யாரும் வட்டம் போடுவதில்லை. முக்கால் குடம், அரைக் குடம் என்று நாமும் சொல்கிறோம். ஏறக்குறைய முழுமை என்று ஒன்று இருக்கலாம் என்றால், முழுமைக்கும் அதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாயிற்று. தூரம் இருந்தால் இரண்டு தூரங்களை ஒப்பிடலாம். கடலூர் பஸ்ஸில் இருவர் வருகிறார்கள். ஒருவர் தவளக்குப்பத்தில் இருக்கிறார், மற்றவர் முருங்கப்பாக்கம் வந்துவிட்டார். இருவருமே இன்னும் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டை அடையவில்லை. அதனால் இருவரும் ஒன்று என்றா சொல்வீர்கள்? "மோர் கம்ப்ளீட்லி" என்பதன் பொருள் முழுமையைத் தாண்டிப் போவது அல்ல, முன்பு இருந்ததைவிட முழுமைக்குக் கிட்டே வந்திருப்பது. படிக்கிற எவருக்கும் அப்படித்தான் புரிகிறது. தப்பாகப் புரிந்துகொண்டதாக நடிப்பவர் திருத்துகிறவர் மட்டும்தான்.

அந்தப் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஃபுல்லு, ஃபுல்லு" என்று கண்டக்டர் கத்துவார். அடுத்த ஸ்டாப்பில் எட்டுப் பேர் ஏறுவார்கள். "உள்ளே போ, உள்ளே போ" என்பார். இரண்டாவது ஸ்டாப்பில் பஸ் முதல் ஸ்டாப்பைவிட ஃபுல்லாக இருந்ததா இல்லையா என்று அதில் நின்றுகொண்டு வந்தவரைக் கேளுங்கள், இலக்கணம் சொல்வார்.

பிரெஞ்சில் "கோம்ப்ளே" என்று ஒரு சொல். நம் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஓட்டல் வாசலில் "கோம்ப்ளே" என்று அட்டை தொங்கினால் அறை காலி இல்லை என்று பொருள். அங்கே "ப்ளூ கோம்ப்ளே", அதாவது அதைவிட முழுமை, என்று சொல்ல முடியாது. அறை இருக்கிறது அல்லது இல்லை. ஆனால் ஒரு கோப்பில் பிறப்புச் சான்று மட்டும் இருக்கிறது. இன்னொன்றில் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, குடியிருப்புச் சான்று மூன்றும் இருக்கின்றன. இரண்டாவதை "தோசியே ப்ளூ கோம்ப்ளே" என்று எந்த பிரெஞ்சுக்காரரும் கூசாமல் சொல்வார். சொல் ஒன்றுதான். ஓர் இடத்தில் ஒப்பிட முடியவில்லை, இன்னோர் இடத்தில் முடிகிறது. ஆகவே ஒப்பிடலாமா கூடாதா என்பது அகராதியில் தனியாக நிற்கிற சொல்லைப் பார்த்துத் தீர்மானிக்கிற காரியம் அல்ல. வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். நம் திருத்தல்காரர்கள் செய்யாத வேலை அது ஒன்றுதான்.

அதே பிரெஞ்சில் ஓர் இறந்தகாலத்துக்குப் பெயர் "ப்ளூ-கெ-பர்ஃபே". பள்ளியில் வினைச்சொற்களை மனப்பாடம் செய்து அடி வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் நேர்ப்பொருள் என்ன? பர்ஃபெக்டைவிட அதிகம்! லத்தீன் இலக்கணத்திலிருந்து வந்த பெயர் அது. ஆங்கில இலக்கணத்தில் "ப்ளூபர்ஃபெக்ட்" என்று சொல்கிறார்களே, அதுவும் அதே பெயர்தான், கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லின் மூலப் பொருள் "செய்து முடித்தது" என்பது. ஒரு காரியம் முடிவதற்கு முன்னமே முடிந்துபோன இன்னொரு காரியத்தைச் சொல்ல அந்தக் காலம் உதவுகிறது. பர்ஃபெக்டுக்கு மேல் எதுவும் இல்லை என்று இலக்கணத்தின் பெயரால் சட்டம் போடுகிறவர்களின் இலக்கணப் புத்தகத்திலேயே பர்ஃபெக்டுக்கு மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். உங்களில் பலரிடம் ஆங்கிலத்தில் எழுதிய கிரயப் பத்திரம் இருக்கும். பீரோவைத் திறந்து எடுத்துப் பாருங்கள். உள்ளே எங்கேனும் ஓரிடத்தில், சொத்தானது கீழ்க்கண்ட ஷெட்யூலில் "மோர் ஃபுல்லி டிஸ்கிரைப்ட்" என்று இருக்க மிகவும் வாய்ப்பு உண்டு. பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வாசகம் அது. வக்கீல்களும் எழுதுகிறார்கள், கோர்ட்டும் ஏற்கிறது. ஏன் அப்படி எழுதுகிறார்கள்? பத்திரத்தின் நடுப்பகுதியில் இன்ன தெருவில் உள்ள மனையும் கட்டடமும் என்று சொத்து ஒருமுறை சொல்லப்பட்டுவிடுகிறது. தபசிலில் ஆர்.எஸ். நம்பர், கடாஸ்டர் நம்பர், பட்டா நம்பர், விஸ்தீரணம், நான்கு எல்லை எல்லாம் வருகின்றன. மேலே சொன்னதும் விவரிப்புதான், கீழே சொன்னது அதைவிட நிறைவான விவரிப்பு. அந்த "மோர்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு போய்விடும். ஒரு தகராறு வந்தால் எந்த விவரத்தைப் போய்ப் பார்ப்பது என்று வழி காட்டுகிற சொல் அது. பிரெஞ்சுச் சட்டத்திலும் இதற்கு அண்ணன் தம்பி போல ஒரு சொற்றொடர் உண்டு. "ஜுஸ்கா ப்ளூ ஸாம்ப்ல் அன்ஃபோர்மே" என்பார்கள். இன்னும் நிறைவான தகவல் கிடைக்கும் வரை என்று பொருள்.

என் வேலைக் காலத்தில் இந்தச் சொல்லால் ஒரு காரியம் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். விவரங்களை அனுப்பச் சொல்லி மேலே இருந்து கேட்டிருந்தார்கள். சுருக்கத்தைக் கடிதத்தில் சொல்லி, விவரம் இணைப்பில் "மோர் ஃபுல்லி" தரப்பட்டுள்ளது என்று டிராஃப்ட் வைத்தேன். அது ஃபேர் காப்பியாகி, நான்கு கார்பன் பிரதியோடு கையெழுத்துக்குப் போயிற்று. அதிகாரி "மோர்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, ஃபுல் என்றால் ஃபுல்தான், மறுபடி டைப் செய்க என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். அன்று வெள்ளிக்கிழமை மாலை. திங்களன்று டைப் ஆகி வருவதற்குள் அவர் டூர் போய்விட்டார். வியாழக்கிழமைதான் கையெழுத்து ஆயிற்று. அந்த அம்மாள் நாள்தோறும் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். கூட ஒரு சின்னப் பையன். "இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்மா" என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. இலக்கணப் பிழைக்காகத் தாமதம் ஆனாலாவது போகட்டும். இங்கே பிழையே இல்லை.

சரி, பெரிய இடத்துக்குப் போவோம். அமெரிக்க அரசியல் சட்டம் 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டது. அதன் முகப்புரை, எதற்காக இந்தச் சட்டம் என்று சொல்லும்போது முதல் காரணமாகக் கூறுவது "மோர் பர்ஃபெக்ட் யூனியன்" அமைப்பதை. அதற்கு முன் 1781 முதல் மாநிலங்களுக்குள் ஓர் உடன்படிக்கை இருந்தது. நிரந்தர ஒன்றியம் என்று அதற்குப் பெயர் இருந்ததே தவிர, வரி விதிக்கக்கூட மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை. அதைவிடக் கெட்டியான ஒன்றியம் வேண்டும் என்பதைத்தான் அந்த "மோர்" சொல்கிறது.

அது வெறும் அலங்காரச் சொல்லாகவும் நின்றுவிடவில்லை. 1861 மார்ச் 4-ஆம் தேதி லிங்கன் பதவி ஏற்றபோது ஏழு தென் மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டதாக அறிவித்திருந்தன. அன்றைய உரையில் லிங்கன் இந்தச் சொல்லைப் பிடித்தே வாதிட்டார். நினைத்த மாநிலம் நினைத்தபோது பிரிந்து போகலாம் என்றால், புதிய ஒன்றியம் பழையதைவிடக் குறைந்த நிறைவு உடையதாக அல்லவா ஆகிவிடும் என்பது அவர் வாதம். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு 1869-இல், டெக்ஸாஸ் மாநிலம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சேஸ் அதே வழியில் தீர்ப்பு எழுதினார். முன்பே நிரந்தரம் என்று சொல்லப்பட்ட ஒன்றியத்தை மேலும் நிறைவுடையதாக ஆக்கிய பிறகு அதைக் கலைக்க முடியாது என்றார். ஒரு நாடு ஒன்றாக இருப்பதா இரண்டாவதா என்ற வழக்கில் இந்தச் சொல்லே சாட்சி சொல்லியிருக்கிறது. நம் பயிற்சி நிலைய ஆசிரியர் அன்று ஃபிலடெல்ஃபியாவில் இருந்திருந்தால் "மோர்" என்பதை அடித்து, பத்துக்கு நாலு மார்க் போட்டிருப்பார்.

இன்னும் பின்னால் போனால், 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் அப்போஸ்தலர் பணிகள் 18-ஆம் அதிகாரம் 26-ஆம் வசனத்தில் "மோர் பர்ஃபெக்ட்லி" என்றே இருக்கிறது. அப்பொல்லோ என்பவர் நன்றாகவே போதித்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருக்குத் தெரிந்தது யோவானின் திருமுழுக்கு மட்டும். அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் அவரை அழைத்துப்போய் மீதியையும் விளக்குகிறார்கள். கிரேக்க மூலத்திலும் அங்கே இருப்பது ஒப்பீட்டு வடிவம்தான், இன்னும் துல்லியமாக என்று பொருள்.

அப்படியானால் இந்தத் தடை எங்கிருந்து வந்தது? இதைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் லிண்ட்லி மர்ரே. அமெரிக்காவில் பிறந்த வழக்கறிஞர், பிறகு இங்கிலாந்தில் யார்க் நகரின் பக்கம் குடியேறியவர். 1795-இல் அவர் எழுதிய ஆங்கில இலக்கணம் பல பதிப்புகள் கண்டது. பர்ஃபெக்ட், சுப்ரீம், எக்ஸ்ட்ரீம், யுனிவர்சல் போன்ற சொற்கள் தாமே உச்சத்தைக் குறிப்பதால் அவற்றுக்கு ஒப்பீட்டு வடிவம் சரியல்ல என்று அதில் சொன்னார். கவனியுங்கள், அவர் பிறந்த நாட்டின் அரசியல் சட்டம் எழுதப்பட்டு அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது.

நம் நாட்டில் இந்தப் பட்டியலைப் பரப்பியது ரென் அண்ட் மார்ட்டின். நம் தலைமுறைக்கு அதுதானே வேதம். யூனிக், பர்ஃபெக்ட், ரவுண்ட் என்று அந்தப் புத்தகம் ஒரு பட்டியல் கொடுக்கிறது. ஆனால் கொடுத்த கையோடு, வழக்கில் இவற்றையும் ஒப்பிட்டுச் சொல்வதுண்டு என்று ஓர் உதாரணமும் காட்டுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் அதற்கு அடுத்த வரியைப் படிக்கவில்லை. அரசாணையின் முதல் பத்தியைப் படித்துவிட்டு விதிவிலக்கைப் படிக்காமல் மனுவைத் தள்ளுபடி செய்கிற குமாஸ்தாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர்களும் அந்த ஜாதி.

எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "மோர் பெட்டர்", "மோர் ஃபுல்லர்" என்று எழுதினால் தப்பு. ஏற்கெனவே ஒப்பீடாக இருக்கும் சொல்லின் மேல் இன்னொரு ஒப்பீட்டை ஏற்றுவது அது. பிரெஞ்சில் "ப்ளூ மியோ" என்று சொன்ன பையனின் விரல் முட்டியில் எங்கள் ஆசிரியர் ஸ்கேலால் தட்டியது நியாயமே. அதுபோல், போகிற வழியே இல்லாத சொற்கள் சில உண்டு. "ஆனுவலி" என்றால் வருடத்துக்கு ஒருமுறை. "போஸ்துமஸ்லி" என்றால் இறந்த பிறகு. இவற்றில் அரை, முக்கால் என்று கிடையாது. ஆல்மோஸ்ட் சேர்த்துப் பார்த்தால் தெரியும், ஒட்டாது. பிரெஞ்சில் "சான்ஸ் யூனிக்" என்றால் ஒருவழிப் பாதை. ஒரு தெரு இன்னொரு தெருவைவிட அதிக ஒருவழியாக இருக்க முடியாது. (நம் ஊரில் எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்தால் குறைந்த ஒருவழி உண்டோ என்று சந்தேகம் வருகிறது.) ஆகையால் "மோர் யூனிக்" எழுதாதீர்கள் என்றால் நானும் தலையாட்டுவேன். அதை வைத்துக்கொண்டு கம்ப்ளீட்லியையும் ஃபுல்லியையும் சேர்த்துக் கட்டிப்போடுவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு நல்ல வாதம் உண்டு. உச்சத்தைக் குறிக்கும் சொல்லைக் கண்டபடி இழுத்தால் அதன் கூர்மை மழுங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். நூற்றுப்பத்து சதவீதம் சுத்தம் என்று விளம்பரம் செய்கிறவர்கள் நூறு என்ற எண்ணுக்கே மரியாதை இல்லாமல் பண்ணிவிட்டார்கள். நம் அரசியல் மேடைகளில் "பூரண மதுவிலக்கு" என்று சொல்லிச் சொல்லி, மதுவிலக்கு என்றால் பாதி விலக்கு என்று ஆகிவிட்டது. ஆனால் "முன்பைவிட முழுமையாக" என்று சொல்கிறவன் அந்தக் குற்றத்தைச் செய்வதில்லை. முழுமை என்ற எல்லையை அவன் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, நான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை, முன்பைவிடக் கிட்டே இருக்கிறேன் என்கிறான். அது அடக்கமான பேச்சு. கம்ப்ளீட்லி கற்றுவிட்டேன் என்று எழுதுகிறவனைவிட, மோர் கம்ப்ளீட்லி கற்க விரும்புகிறேன் என்று எழுதிய அந்தப் பெண்ணை நான் வேலைக்கு எடுத்துக்கொள்வேன்.

தமிழில் இந்தச் சண்டையே இல்லை. நமக்குப் பெயரடையின் வாலில் ஒட்டுகிற ஒப்பீட்டு விகுதி கிடையாது. ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்புப் பொருளும் உண்டு என்று நன்னூல் சொல்கிறது. வள்ளுவர் "ஊங்கு" என்று ஒப்பிட்டார், நாம் "விட" என்று ஒப்பிடுகிறோம். "போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஏரி நல்லா நிறைஞ்சிருக்கு" என்று பாகூர் விவசாயி சொன்னால், நிறைந்ததில் என்னய்யா நல்லா நிறைந்தது என்று எந்தப் புலவரும் மடக்குவதில்லை. பல தலைமுறைகளுக்கு முன்பு யாரோ வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டையை, அவர்களில் பெரும்பாலோர் விட்டுவிட்ட பிறகும், நாம்தான் சட்டம் போலக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் இல்லாதது அறிவு அல்ல, தைரியம். அந்தத் தைரியத்தைத்தான் இந்தச் சிவப்பு மை உறிஞ்சுகிறது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேரனோ பேத்தியோ இப்படித் திருத்தப்பட்ட தாளோடு வந்து நின்றால், வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாக்கியத்தில் "ஆல்மோஸ்ட்" சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் "மோர்" போட்டதும் சரியே. பிறகு பத்திரத்தின் நகல் ஒன்றை எடுத்து அந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு, பிள்ளையின் கையில் கொடுத்து வாத்தியாரிடம் காட்டச் சொல்லுங்கள். மரியாதையாகக் காட்டச் சொல்லுங்கள். அசல் பத்திரத்தை மட்டும் வெளியே அனுப்பாதீர்கள்.